ஆறாம் வார்டின் வம்சாவளி

சித்தப்பாவைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் மேல் பழி வருமா? அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று, இனி யார் அவரை என்ன செய்துவிட முடியும்? சிகரெட்டை விடச் சொன்ன டாக்டரையே விட்டவர் அவர். பிடிவாதம் என்றால் அவர்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் எப்படித் தங்கச்சியின் காலுக்குள் போயிருக்கும்?

இப்படி யோசித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவளை அந்த மருத்துவமனையில் எல்லோரும் குருவியின் அக்கா என்றுதான் அழைத்தார்கள். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்ளலாம். எதிரே, பரம்பரை நோய்ப் பிரிவின் ஆலோசகர் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். மேஜையை மறைக்கும் பெரிய தாள் ஒன்று விரிந்து கிடந்தது. அதில் அக்காவின் அப்பா ஒரு சதுரம், அம்மா ஒரு வட்டம். அவர்களுக்குக் கீழே இரண்டு வட்டங்கள். ஒன்று அக்கா. சிவப்பு மையால் நிரப்பப்பட்ட மற்றது, ஆறாம் வார்டில் காலில் கம்பியோடு படுத்திருக்கும் தங்கச்சி குருவி.

"பயப்படாம சொல்லுங்கம்மா. மருந்துக்கு அடங்காதவங்க உங்க குடும்பத்துல யாராவது உண்டா?"

"மருந்துக்குன்னு இல்ல சார். பெரியத்தை ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க எதுக்குமே அடங்க மாட்டாங்க."

"அப்பா கூடப் பிறந்தவங்களா?"

"ஆமா சார். மூத்தவங்க."

ஆலோசகர் திருப்தியோடு ஒரு வட்டம் போட்டுச் சிவப்பால் நிரப்பினார். "வருது பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா வருது. நாளைக்கும் வாங்க, அம்மா வழியப் பார்க்கலாம்."

"சரிங்க" என்றாள் அக்கா.

சரிங்க என்பது அவள் வாயில் தானாக வரும் சொல். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மங்கலாகத் தெரிகிறது என்பவரிடமும் சரிங்க, காதை அழுத்துகிறது என்பவரிடமும் சரிங்க, காசைத் திருப்பிக் கொடு என்று கத்துகிறவரிடமும் சரிங்க. அதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரு நாளும் விட்டுப் பார்த்ததில்லை.

குருவி அப்படியில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், எப்போதும் ஒரு கால் பிரேக்கில் இருக்கும். அவள் வீட்டில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறி, விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற அரைகுறை டிரைவருங்ககிட்ட எல்லாம் தப்பிச்சேன் அக்கா, நம்ம வீட்டு முக்காலிகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சிரித்தாள். கம்பி வைத்தார்கள். எலும்பு ஒழுங்காகப் பொருந்தியது. அதன்பின் காயம் சிவந்தது, சீழ் வைத்தது, காய்ச்சல் ஏறி இறங்க மறுத்தது.

ஆனால் அந்த மருத்துவமனையில் தொற்று கிடையாது. வாசலிலும் படிக்கட்டிலும் லிஃப்டுக்குள்ளும் 'தொற்றில்லா மருத்துவமனை' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறையத் தூய்மைக் கேடயங்கள். அந்த அலமாரியை மட்டும் தினமும் துடைத்தார்கள். யாருக்காவது காயம் சீழ் பிடித்தால் அதற்கு அங்கே வேறு பெயர்: வெளிவரவு. போர்வை, செருப்பு, தண்ணீர் பாட்டில் போல நோயாளி தன் கிருமியையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று பொருள்.

காலையில் மணி அடித்ததும் ஒலிபெருக்கி பேசும். ஊழியர்கள் எல்லோரும், நின்ற இடத்தில் நின்றபடி, இரண்டு கைகளையும் தூக்கி, "என் கை தூய கை" என்று உறுதிமொழி எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் கட்டுப் போடும் நர்ஸ் ஒரே ஜோடிக் கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கையுறைச் சிக்கனத்துக்கும் ஒரு கேடயம் இருந்தது. வார்டின் கோடியில் பளபளவென்று ஒரு புது வாஷ்பேசின் வைத்திருந்தார்கள். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். திறந்து வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் இன்னும் தேதி தரவில்லை. அதுவரை எல்லோரும் பக்கத்திலிருந்த பழைய பேசினில்தான் கழுவினார்கள். காயம் கழுவிய நீர், டிரிப்பில் மிஞ்சிய மருந்து, குடித்து மீந்த டீ எல்லாம் அதற்குள்தான் போயின. அடைத்துக்கொண்டு, நுரைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கின.

அறுவை சிகிச்சை டாக்டர் தாராள மனசுக்காரர். வார்டில் ஒருவருக்கும் மருந்தில் குறை வைக்கவில்லை. "சின்ன ஆன்டிபயாடிக்லேருந்து ஆரம்பிச்சா நம்மகிட்ட பெருசு இல்லன்னு நினைச்சுக்குவாங்க" என்பார். காய்ச்சல் வந்தவர்களுக்கு ஒன்று, வராதவர்களுக்கு வந்துவிடக் கூடாதென்று இரண்டு. குருவிக்கு ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒன்றும் கேட்கவில்லை.

லேபில் இருந்த பெண் டாக்டர்தான் ஒரு நாள் அக்காவை வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள். தூக்கம் கெட்ட முகம், ஆனால் நிதானமான பேச்சு.

"உங்க தங்கச்சி காயத்துல இருக்கிற கிருமிக்குள்ள ஒரு குட்டி வளையம் இருக்கும்மா. முழுக்க மரபணு. இந்த மருந்த இப்படி உடை, அந்த மருந்த அப்படி வெளிய துப்புன்னு எல்லா வித்தையும் அதுல இருக்கு. இத அது தன் குட்டிகளுக்கு மட்டும் கொடுக்கிறதில்ல. பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற வேற ஜாதிக் கிருமிக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்திடும்."

"சொந்தமே இல்லாட்டியுமா?"

"சொந்தமே இல்லாட்டியும். மருந்து எங்க நிறைய ஓடுதோ, அங்க இந்த வளையம் இருக்கிறதுதான் பிழைக்கும். உங்க வீட்டுல ஓடுதா, இங்க ஓடுதா, நீங்களே யோசிங்க. அதே வளையம் பழைய பேசினோட குழாய்க்குள்ளயும் இருக்கு. நான் எடுத்துப் பார்த்துட்டேன்."

இதைக் காரண நிர்ணயக் குழுவின் கூட்டத்திலும் அவள் சொன்னாள். உறவினர் பிரதிநிதி என்று அக்காவையும் அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் கண்காணிப்பாளர், மருத்துவமனைக்கே தலைவர், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் என்ற சொல் வந்ததும் கட்டடப் பொறியாளர் எழுந்துவிட்டார்.

"சார், குழாய் கட்டடத்தோட உறுப்பு. கட்டடம் இங்க நோயாளியா அட்மிட் ஆகல. அட்மிட் ஆகாத ஒண்ணுக்கிட்ட சாம்பிள் எடுக்க இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"நியாயமான கேள்வி" என்று கண்காணிப்பாளர் கண்ணைத் திறந்தார். "குழாய விடுங்க. காரணம் என்னன்னு சொன்னீங்க டாக்டர்?"

"மரபணு சார்."

"அப்ப பரம்பரைப் பிரிவுக்கு அனுப்பணும். அதான் விதி."

"கிருமியோட மரபணு சார். நோயாளியோடது இல்ல."

"இருக்கட்டும். மரபணுன்னா பரம்பரை. பரம்பரைன்னா விசாரிக்கணும். கிருமிய நாற்காலில உட்கார வெச்சுக் கேள்வி கேக்க முடியுமா? இந்த ஆஸ்பத்திரிய இத்தனை வருஷமா நடத்துறேன், பதில் சொல்ல முடியாதவங்கள நான் கேள்வி கேட்டதே இல்ல. பதில் சொல்லக் கூடியவங்களத்தான் கேப்பேன். யாரு இருக்கா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"சரிங்க" என்றாள் அக்கா.

லேப் டாக்டர் விடவில்லை. ஒரே ஒரு மருந்து மட்டும் இந்தக் கிருமியிடம் செல்லுபடியாகும், அதை உடனே தொடங்க வேண்டும் என்று நின்றாள். அதில்தான் சிக்கல். அந்த மருந்தைக் கொடுத்தால் தொற்றை ஒப்புக்கொண்டதாகிவிடும். நெடுநேரம் விவாதித்து, அதைச் 'சத்து டிரிப்' என்று அழைப்பதாக முடிவெடுத்தார்கள். சத்து ஏற ஏறக் குருவியின் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. லேப் டாக்டரை மெத்தை உறைகள் இருப்பறைக்கு மாற்றினார்கள். போகிற வழியில் அவள் அக்காவிடம் வந்தாள்.

"முழுசா ஓடி முடியணும்மா. பாதியில நிறுத்தினா சாகாம மிச்சம் இருக்கிறது இந்த மருந்தையும் கத்துக்கும். அப்புறம் கையில எதுவும் இல்ல. யார் சொன்னாலும் நிறுத்த விடாதீங்க."

"சரிங்க" என்றாள் அக்கா. அந்த ஒரு சரிங்கவை மட்டும் அவள் யோசித்துச் சொன்னாள்.

விசாரணை வீட்டுக்கும் வந்தது. பஞ்சுக் குச்சிகளும் கண்ணாடிக் குப்பிகளுமாக ஒரு குழு இறங்கியது. தலையணை, சமையலறைக் குழாய், குளியலறை மிதியடி, சீப்பு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தார்கள். சித்தப்பாவின் புகைப்படத்தையும் தேய்த்தார்கள். மாடியில் குடியிருந்த தையல்காரி எட்டிப் பார்த்து, "என்னங்க, திருட்டா?" என்றாள்.

"பரம்பரை விசாரணை" என்றார் குழுத் தலைவர்.

"அடக்கடவுளே. பார்த்தா நல்ல குடும்பமா இருக்காங்களே!" தையல்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் கிடைத்த கிருமிகளை எல்லாம் வளர்த்துப் பார்த்தார்கள். மிகச் சாதாரண மருந்துக்கே எல்லாம் செத்து விழுந்தன. ஆலோசகர் அக்காவைக் கூப்பிட்டு, கவலையோடு சொன்னார்: "உங்க வீட்டுக் கிருமிங்க ரொம்ப சாதுவா இருக்குங்க. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. எதையோ மறைக்குது."

சிரிக்க வேண்டிய இடம்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் ஒதுங்கிக்கொண்டாள். கடையில் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளரின் விரல் தன் விரலில் படாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மணிக்கட்டில் தோல் உரிந்தது. சின்ன வயதில் குருவியை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது ஊட்டிவிட்டவள், மூக்கைச் சிந்திவிட்டவள், ஒரே போர்வைக்குள் படுத்தவள். அப்போதே கொடுத்துவிட்டேனோ? என் கையால்தானா? இந்தக் கேள்வியை ஆலோசகர் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை. அவருடைய வேலையை அவளே செய்யத் தொடங்கியிருந்தாள்.

குருவி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன அக்கா இது, வாழைக்காய் சீவின மாதிரி?"

"கழுவினேன்."

"லூசு. நீ கழுவுறத நிறுத்து. அவங்களக் கழுவச் சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பேக்கரி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தவள் அவள். நாளைக்கே வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "தையல் பிரிஞ்சிடப் போவுது, சிரிக்க வைக்காதடி குருவி. வீட்டுக்குப் போனதும் உனக்கு ஒரு கேக் அனுப்புறேன். மேல கார் பொம்மை வெச்சு."

"ஸ்டியரிங் திரும்புற மாதிரி வேணும் ஆன்ட்டி."

பேக்கரி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவள் தையலும் சிவந்தது. அதே சீழ், அதே காய்ச்சல். சத்தமில்லாமல் வந்து லேபில் பார்த்துவிட்டுப் போன மெத்தை உறை டாக்டர், அதே வளையம் என்றாள்.

அக்காவுக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இறங்கிய உடனே அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் நேராக ஆலோசகரிடம் போனாள். "சார், அவங்களுக்கும் அதே கிருமிதான். அவங்க எங்களுக்குச் சொந்தமே இல்ல. இனிமே எங்க குடும்பத்த விட்டுடலாம்ல?"

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "சொந்தம் இல்லன்னு நீங்க நினைக்கிறீங்க" என்றார்.

பேக்கரி அம்மாவின் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எந்த நேரமும் சட்டையில் மாவு ஒட்டியிருக்கும் மனிதர். அவருடைய மனைவியின் மாமா ஒருவர் பேருந்து நடத்துனராக இருந்தார் என்று தெரியவந்தது. அக்காவின் பெரியத்தை பேருந்தில் போனதுண்டா? உண்டு. சில்லறைக்குச் சண்டை போட்டதுண்டா? அது இல்லாமல் அவள் இறங்கியதே இல்லை. ஆலோசகர் புள்ளிக்கோடு ஒன்றை இழுத்தார். அடுத்த வாரம் கை எலும்பு முறிந்து வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வந்தது. அவருக்கும் ஒரு கோடு. குடல்வால் எடுத்த கல்லூரிப் பெண்ணுக்கு இன்னொன்று. தாள் மேஜையை மீறிச் சுவருக்குப் போனது, சுவரிலிருந்து வராந்தாவுக்கு. ஆறாம் வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒன்றுவிட்டும் இரண்டுவிட்டும் சொந்தமானார்கள். கண்காணிப்பாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வம்சாவளியைப் பார்வையிட்டார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவுல சொல்வேன். யாரும் நம்பல. இப்ப நிரூபிச்சாச்சு."

அந்தச் சுவரில் வரையாமல் விட்டது ஒன்றுதான், பழைய பேசின். அது அதே இடத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது.

பேக்கரி அம்மாவுக்குச் சத்து டிரிப் கிடைக்கவில்லை. ஒரே வார்டில் இரண்டு பேருக்குச் சத்துக் குறைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார். அறுவை சிகிச்சை டாக்டர் தன்னிடமிருந்த பெரியதையெல்லாம் மறுபடி ஏற்றினார். அவள் பேச்சு குழறியது. ரொட்டி கருகுது, அடுப்பைப் பார்னு சொன்னேனே என்று கணவரை அதட்டினாள். பிறகு அதட்டவில்லை.

இறப்புக்குக் காரணம் 'குடும்பக் காரணங்கள்' என்று சொல்லப்பட்டது. கணவர் வராந்தாவில் அக்காவுக்கு எதிரே நின்றார். அழவில்லை. புரியாத பாடத்தை மறுபடி கேட்கும் மாணவன் போல, மெதுவாகக் கேட்டார்.

"குடும்பக் காரணம்னா என்னங்க? பிள்ளை குட்டி கிடையாது. நான் மட்டும்தானே அவ குடும்பம்?"

அக்கா வாயைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த ஒரே சொல் இதற்குப் பொருந்தவில்லை. உள்ளே மூண்டதை முதலில் அழுகை என்றுதான் நினைத்தாள். அழுது பார்த்தாள், தீரவில்லை. அதற்குப் பெயர் கோபம் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். மாவு பிசையும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். மனைவியைத் தொட்ட நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். கொன்றுவிட்டு, கொன்ற பாவத்தையும் கூடவே கொடுத்தனுப்புகிறார்கள். சரிங்க சரிங்க என்று வாங்கிக்கொண்டு போகிறோம்.

"உங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அவரிடம். "நம்ம யார் கையிலயும் ஒண்ணும் இல்ல."

தூய்மைப் பரிசோதகர்கள் வரும் வாரம் வந்தது. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், ஈரத்தோடு ஈரமாக நோயாளிகளுக்கும் கொஞ்சம் அடித்தார்கள். வாத்தியாரையும் கல்லூரிப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் கண்காணிப்பாளரே குருவியின் கட்டிலுக்கு வந்தார். கூடவே அறுவை சிகிச்சை டாக்டர், ஆலோசகர், பொறியாளர், சக்கர நாற்காலியோடு ஓர் ஆள். குருவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டிரிப் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா பின்னால் நின்று அவளுடைய சிக்குப் பிடித்த தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"நல்ல முன்னேற்றம்" என்றார் கண்காணிப்பாளர். "வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் முடியலையே சார்" என்றாள் குருவி. "சத்து பாக்கி இருக்கே."

"ஒரு வாரம்மா. பரிசோதகருங்க போனதும் திரும்ப வாங்க, மிச்சத்த ஏத்திக்கலாம். நான் வெளிப்படையா பேசறவன். கட்டில் காலியா இருந்தா அது சுத்தமான கட்டில். ஆள் படுத்திருந்தா, அவங்களுக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம். நோயாளிங்க வரத் தொடங்கினதுலேருந்துதான் இந்த ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரே. நாங்க கட்டும்போது எவ்வளவு சுத்தமா இருந்தது தெரியுமா? ஒரு கிருமி இல்ல."

"ஒரு ஆளும் இல்ல" என்றார் பொறியாளர், ஏக்கத்தோடு.

"இன்னொரு சின்ன உதவி." கண்காணிப்பாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் தழைந்தது. "நாளைக்கு ஹால்ல பரிசோதகருங்க முன்னால நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். இது எங்க குடும்பத்துலேருந்து வந்தது, எங்க பெரியத்தை வழி, இந்த ஆஸ்பத்திரி அத அடக்கி எங்கள அனுப்பி வெச்சது, அப்படின்னு. நீங்க ரொம்ப ஒத்துழைக்கிறவங்கன்னு ஆலோசகர் சொன்னார். பிரதிநிதியா உங்களத்தான் எல்லாரும் சொல்றாங்க. நாற்காலி ரெடியா இருக்கு. கிளம்பலாமா?"

சக்கர நாற்காலிக்காரர் அதைக் கட்டிலை ஒட்டித் தள்ளினார். ஆலோசகர் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் எப்போது வரும் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் டிரிப்பை நிறுத்தக் கையை நீட்டினார்.

அக்கா சீப்பைத் தங்கச்சியின் தலையிலேயே செருகிவிட்டு, கட்டிலைச் சுற்றி வந்து, டிரிப் கம்பிக்கும் டாக்டரின் கைக்கும் நடுவில் நின்றாள்.

"இல்லைங்க" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கண்காணிப்பாளருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. அவர் புன்னகை மாறாமல், "அப்ப ஹால்ல மட்டுமாவது..." என்று தொடங்கினார்.

"அதுவும் இல்லைங்க. எங்க பெரியத்தை இங்க வந்ததே இல்ல."

"யாரைக் கேட்டு முடிவு பண்றீங்க?"

"யாரையும் கேக்கலைங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கிருந்த யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கு ஒரு பிரிவு இருக்கவில்லை.

அக்கா கட்டிலின் ஓரத்தில், டிரிப் கம்பியை மறைத்தபடி உட்கார்ந்தாள். "திரும்பு" என்றாள் குருவியிடம். "பின்னால இன்னும் சிக்கு இருக்கு." சீப்பை உருவி வாரத் தொடங்கினாள்.